மீனு மூச்சை நிறுத்திய இடம்

நவம்பர் 12, 2006. ஞாயிறு.

இன்று மலையாள டிவி பாட்டுப் போட்டியின் அரையிறுதி. கடலுக்குப் போன கணவனுக்காக வாசலில் காத்திருப்பவளின் பாட்டை மீனு பாடினாள். ஒன்பது வயதுதான் அவளுக்கு. கடைசி வரியின் நடுவில் சட்டென்று மூச்சை நிறுத்தி, பிறகு மெல்ல முடித்தாள். நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மோளே, ஈ ஃபீல் எவிடுந்நு கிட்டி?" என்றார்; இந்த உணர்ச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். மீனு சிரித்ததோடு சரி.

பாட்டு டீச்சர் அந்த நிறுத்தத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் நானும் கேட்டேன்.

"அப்பாக்க ஸ்கூட்டர் சத்தம் கேட்டா நீ மூச்ச அடக்கீட்டு நிப்பேல்லா. அத நெனச்சேன்."

ராத்திரி அவர் வரும் நேரத்தில் அவள் தூங்கிவிடுவாள் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இறுதிச் சுற்றில் பெற்றோரையும் மேடையேற்றுவார்கள். நடுவர் மறுபடி அதையே கேட்பார். மீனுவின் அப்பாவும் பக்கத்திலேயே நிற்பார்.

"யாருகிட்டயும் சொல்லாத மக்ளே" என்றேன்.

"அப்ப கேட்டா என்ன சொல்லணும்?"

இதை எழுதும்போது ராத்திரியாகிவிட்டது. பக்கத்தில் படுத்திருக்கிறாள். சீராக மூச்சு விடுகிறாள். தெருமுனையில் ஸ்கூட்டர் திரும்புகிறது.

மீனுவின் மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது.