எனக்கும் சேர்த்து நீ சொன்ன செபம்

வரும் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நம் பேரனுக்கு ஞானஸ்நானம். பங்குத்தந்தை நேற்று மாலை தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். மகள் கேட்டபடி உன் பெட்டியைத் திறந்து அந்த வெள்ளைக் கவுனை எடுத்தேன். அவளுடைய ஞானஸ்நானத்துக்கென்று உன் கல்யாணச் சேலையை வெட்டி நீ கையால் தைத்தது. பூச்சி உருண்டை வாசனை கூடம் முழுவதும் பரவிவிட்டது. ஜன்னலைத் திறக்க மனம் வரவில்லை.

ஞானத்தகப்பனாக நிற்கும்படி அவள் என்னைக் கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்புத்தளைக்கு மேலே நீ டீச்சராக இருந்த தேயிலைத் தோட்டத்தில் நாம் குடியிருந்த வருடங்களை நினைத்துக்கொள். மேட்டுக் கோயிலுக்கு ஃபாதர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செபத்தை நடத்தியவள் நீ. மேடு ஏறும்போது உனக்கு மூச்சு வாங்கும் என்பதால் நானும் கூட வருவேன். நீ உள்ளே போவாய். நான் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருந்த பாறையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். மழை வந்தால் குடையை விரித்துக்கொள்வேன்.

மண் சரிந்த ஒரு தோட்டத்துக்குப் பத்திரிகைக்காகச் செய்தி எடுக்கப் போய்த் திரும்பியதிலிருந்து எனக்குச் செபம் வரவில்லை. நீ காரணம் கேட்கவில்லை. சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாய்: “வராட்டி விடுங்க. ஒங்களுக்கும் சேத்து நான் சொல்லிக்கிறேன்.” அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அக்டோபர் வந்தால் மாதா சொரூபம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாகப் போகும். ஒரு மாலை பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த முத்தம்மாக்கா வாசலில் மறித்து நின்றார். அவர்கள் இந்துக்கள், மாதா அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் போவது வழக்கம்.

“எங்க வாசல மட்டும் தாண்டிப் போறாளே ஆத்தா, என்னா கோவமாம்? உள்ள கூட்டிட்டு வாம்மா” என்றார். அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல்.

நீ சொரூபத்தை உள்ளே கொண்டுபோனாய். அவர் சூடம் கொளுத்தி, மாதாவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். கூட வந்த உபதேசியார் பதறிப்போனார்.

“என்னாங்க டீச்சர் இது! மாரியம்மான்னு நெனச்சிருச்சு போல. ஃபாதர் பாத்தா என் தோலயில்ல உரிப்பாரு!”

“உரிக்கட்டும். குளிருக்கு ஒரு கம்பளி வாங்கித் தாறேன்” என்றாய். “புள்ளைக்கு முடியாம ஒரு தாய் வச்ச பொட்டு. அழிக்க எனக்குக் கை வராது. அடுத்த வீட்டுக்கும் இப்பிடியே போகட்டும்.”

முத்தம்மாக்கா, “தப்பாப் போச்சா சாமி?” என்று முந்தானையால் துடைக்க வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். நம் மகள் மெழுகுவர்த்தியோடு உன் அருகில் நின்றாள். அவளுக்கு அன்று நீ எதையும் விளக்கவில்லை. இன்று ஆஸ்பத்திரியில் அவளுடைய வார்டில் எந்தத் தாய் எந்தச் சாமியைக் கூப்பிட்டு அழுதாலும் பக்கத்தில் போய் நிற்கிறாளாம். அவளுடன் வேலை செய்யும் தாதி சொன்னார்.

அது உன்னிடமிருந்து போனது. இதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் அவள் என்னைக் கேட்டபோது திகைத்தேன்.

“கோயிலுக்குள்ளயே போகாத ஆள் நான். ஒன் மாமா யாரையாச்சும் கேளு.”

“ஒரு ஞாயித்துக்கெழமையாவது அம்மாவ ‘நீயே போ’ன்னு சொல்லியிருக்கீங்களாப்பா?”

“அவளுக்கு மேட்டுல மூச்சு வாங்கும்.”

“அதாம்ப்பா” என்றாள். அதற்குமேல் விளக்கவில்லை. அந்த வழக்கமும் உன்னுடையதுதான்.

பங்குத்தந்தையிடம் என் நிலைமையை மறைக்காமல் சொன்னேன். “கேள்வி கேப்பேன். ‘விசுவசிக்கிறேன்’னு சத்தமாச் சொல்லணும். பொய்யாச் சொல்ல வேணாம். ஞாயிறு வரைக்கும் யோசிங்க” என்றார். என்னால் முடியாவிட்டால் மருமகனின் அண்ணன் நிற்பாராம்.

உறுதிப்படுத்தாத ஒரு வரியையும் என் பெயரில் அச்சில் விட்டவனில்லை நான். அந்த ஒரு சொல்லை இந்த வாரம் முழுவதும் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். பாதியில் நின்றுவிடுகிறது. நீ போன நாளிலிருந்து என் பங்கைச் சொல்ல யாருமில்லை என்பது அப்போதெல்லாம் உறைக்கிறது. நீ சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அதன் அருமை எனக்குத் தெரிந்ததே இல்லை.

பேரனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அவனுக்கும் சேர்த்து ஒருவர் சொல்லியாக வேண்டும். இந்தமுறை நான் உள்ளே போகிறேன், அந்த அளவுக்கு முடிவாகிவிட்டது. கேள்வி வரும்போது என் வாயிலிருந்து என்ன வரும் என்பது மட்டும் நிலுவையில் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் தெரிந்துவிடும்.