முதுகைக் காட்டும் மூன்று படங்கள்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுவது. இங்கே அம்மாவின் வலது கட்டைவிரலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே நீ கட்டைவிரல் உட்பட சுகமாக இருக்கிறாயா என்று கேட்கச் சொல்கிறாள். படம் மாட்ட இடது கையில் சுத்தியலைப் பிடித்து ஆணி அடித்ததில் ஆணி தப்பித்துக்கொண்டது, விரல் மாட்டிக்கொண்டது. அதனால்தான் இந்த முறை என் கையெழுத்து. போனில் சொல்லேம்மா என்றேன். போனை எடுத்தாலே உங்கப்பா டிவி சத்தத்தைக் குறைக்கிறார், கடிதம் என்றால் அவர் காதில் விழாது என்கிறாள். இதையும் அவள் கத்தித்தான் சொன்னாள். பக்கத்து அறையில் அப்பா டிவியை அணைத்தே விட்டார்.

நீ அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்தது. முதல் படத்தைப் பிரித்ததும் அம்மா, ஐயோ வழியில் எவனோ எதையோ கொட்டிட்டான் என்று ஈரத்துணி எடுக்க ஓடினாள். இது நவீன ஓவியம், அசல் இல்லை, அசலைப் பார்த்து அச்சடித்தது, வீட்டை அழகுபடுத்த மாட்டுவது என்று உன் சீட்டைப் படித்துக் காட்டினேன். ஓ, கொட்டினதைத்தான் அச்சடிச்சிருக்கானா என்று சமாதானமானாள். இப்போது அந்த நீலப் படம் அவளுக்கு உயிர், சோபா உறையும் அதே நீலமாம். மஞ்சள் கட்டங்கள் போட்டதைப் பார்த்தால் பசிக்கிறதாம். பெரிய சிவப்பு வட்டத்தைப் பார்த்தால் கோபம் வந்த அப்பாவின் முகத்தைப் பார்க்கிற மாதிரியே இருக்கிறதாம். சீட்டின் கடைசியில் ‘படச் சட்டமெல்லாம் அவரே செய்தது’ என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் நான் இரண்டு தடவை ராகம் போட்டுப் படித்தேன். செய்தித்தாளுக்குள் இருந்த அப்பா தலையை வெளியே நீட்டினார்.

அப்பா சங்கதி உனக்குத் தெரியாததா. தரையோடு தரையாக டைல்ஸ் ஒட்டி என் முழங்கால் தேய்ந்தது போதும், பெரியவளுக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன்தான் வேணும், ரம்பமும் சுத்தியலுமா இன்னொருத்தன் வேண்டவே வேண்டாம் என்கிற பாட்டை இன்னும் அவர் நிறுத்தவில்லை. நீ விரும்புகிற பையன் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், ‘சட்டம் சம்பந்தமா...’ என்று இழுத்துவிட்டு நழுவிவிடுவார். பாதித் தெரு மாமாவை வக்கீல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. (ஆமாம், நான் இப்போதே மாமா என்றுதான் சொல்கிறேன், யார் வந்து தடுப்பது.) அப்படிப்பட்டவர் எழுந்து போய் வேலைப் பையிலிருந்து மூலைமட்டத்தை எடுத்து வந்தார். ஒரு குறையாவது பிடிக்காமல் விடுவதில்லை என்ற முகம். படத்தின் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தார், இம்மி பிசகவில்லை. டைல்ஸ் இடுக்கைச் சோதிக்கிற மாதிரி நகத்தை ஓட்டினார், நகம் சிக்கவில்லை. என் கணக்குப் பரீட்சைத் தாளைக் கிழித்து மூட்டுக்குள் நுழைக்கப் பார்த்தார், அதுவும் நுழையவில்லை. (அந்தத் தாள் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.) முன்பக்கத்தை எவனும் பளபளன்னு வைப்பான், திருட்டுத்தனமெல்லாம் முதுகில்தான் இருக்கும் என்று படத்தைக் கவிழ்த்தார். அங்கே பழுப்புத் தாள் ஒரு சுருக்கம் இல்லாமல், ஆணியெல்லாம் ஒரே ஆழத்தில், கம்பி ஒரே முறுக்கில். அப்பா மூலைமட்டத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். மூன்றையும் அவரே ஹாலில் மாட்டினார், முதுகு வெளியே தெரிகிற மாதிரி! ஓவியமெல்லாம் தண்டனை வாங்கின பிள்ளைகள் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இதென்னங்க கோலம் என்று அம்மா கேட்டதற்கு, வேலை இந்தப் பக்கம்தான் இருக்கு, அந்தப் பக்கம் எவனோ கொட்டினது என்றார். நான் நேராக மாட்டிக்கிறேன் என்று அம்மா தனியாக ஆணி அடிக்கப் போன கதையைத்தான் கட்டைவிரல் சொல்கிறது. நேற்று மாடி வீட்டுப் பல் டாக்டர் வந்தார். பழுப்புத் தாள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, என்ன ஒரு அமைதி என்று உருகினார். நான் சும்மா இருப்பேனா, இந்த வரிசைக்குப் பேரே ‘பேச்சுவார்த்தை இல்லை’ என்று எடுத்துவிட்டேன். மனுஷன் போட்டோ எடுத்துக்கொண்டார். அப்பா மட்டும், சார் அதை விடுங்க, இந்த மூலையைப் பாருங்க, நகத்தை வைங்க, சும்மா வைங்க என்று அவரை நாற்காலி மேல் ஏற்றிவிட்டார். யார் செஞ்சது என்று டாக்டர் கேட்க, நம்ம மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார். வக்கீலுக்கு இவ்வளவு கைவேலை தெரியுமா என்று டாக்டர் வாயைப் பிளந்தார். வக்கீலும் இல்லை கிக்கீலும் இல்லை சார், மரச்சட்டம் அடிக்கிற பையன், கை சுத்தம் என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அம்மா சமையலறையில் கரண்டியைக் கீழே போட்டாள், நான் சோபாவில் ஏறிக் குதித்தேன், நாற்காலி மேல் நின்ற டாக்டர் பாவம் இறங்கலாமா வேண்டாமா என்று விழித்தார்.

அக்கா, இந்த இடத்தில் அப்பா வந்து பேனாவைப் பிடுங்கிவிட்டார். இனி அவர் எழுத்து.

பெரியவளுக்கு அப்பா. சின்னது கையும் காலும் வைத்து எழுதியிருக்கும், பாதியை நம்பாதே. டாக்டரிடம் சொன்னது மட்டும் நிஜம். லீவு கிடைத்ததும் அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வா. படங்களை அவனே வந்து திருப்பி மாட்டட்டும். அதுவரை ஒருத்தரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

பேனா மறுபடி என் கையில். அம்மா ஒரு கண்ணில் அழுது மறுகண்ணில் சிரிக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு, அந்தப் பிள்ளை ரம்பம் பிடிக்கும்போது பேச்சுக் கொடுக்காதே, இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்கிறாள். வரும் தேதியை மறக்காமல் உடனே எழுது. தொடக் கூடாது என்றவரே காலையிலிருந்து மூன்று படங்களையும் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
இடது கையால் கையெழுத்தை மட்டும் கிறுக்கும் உன் அம்மா