‘ரீ’ என்றால் மறுபடியும்

அன்புள்ள அம்மாவுக்கு, சுகப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உனக்கு முழங்கால் வலி குறைந்ததா? என் போன் ரிப்பேர் கடையில் கிடக்கிறது, அதனால்தான் கடிதம்.

‘ரீ’ என்று தொடங்கும் இங்கிலீஷ் சொற்களுக்குத் தங்கச்சி கனிஷ்கா அர்த்தம் கேட்டிருந்தாளே. ‘ரீ’ என்றால் மறுபடியும் என்று சொல். கம்பெனியில் நான் பார்ப்பது ரீவொர்க். லைனில் தப்பாகப் பொருத்திய கார் விளக்கைக் கழற்றி மறுபடியும் பொருத்துவோம். ஒரு விளக்குக்கு ஒரு தடவைதான். பிறகும் சரியில்லை என்றால் சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும், அது ரிஜெக்ட்.

நேற்று சூப்பர்வைசர் ஷெர்லின் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கான்ட்ராக்ட் முடிஞ்சிபோச்சும்மா. ஒரு மாசம் வூட்ல இரு, அப்பால ரீஜாயின் பண்ணிக்கலாம். இன்னா, அழுவுறியா?” என்றார். இல்லை என்றேன். மறுபடியும் புது ஆளாகச் சேர வேண்டும், புது அட்டை தருவார்கள். இங்கே எல்லாருக்கும் நடப்பதுதான், பயப்படாதே. எனக்கே இது மூன்றாவது தடவை.

ஊருக்கு வந்தால் ஹாஸ்டலில் என் இடம் போய்விடும். இங்கேயே இருந்துகொள்கிறேன். பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்பு. போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றும் வை, துவைக்காமல்.

தண்ணீர் வந்துவிட்டது, வாளியோடு ஓட வேண்டும். கனிஷ்காவுக்கு மற்ற சொற்களையெல்லாம் சொல்லிக்கொடு. ரீஜாயின் மட்டும் வேண்டாம்.

உன் மகள்,
சுகப்பிரியா