உன் பழைய போன் வாசித்தது

மார்ச் 3

என் செல்ல மகளுக்கு,

அப்பா பேச, நீ விட்டுவிட்டுப் போன பழைய போன் எழுதுகிறது. நானும் அம்மாவும் சுகம். நான் ‘கழுதை’ என்றால் இது ‘அன்பு மகளே’ என்று மாற்றுகிறதாம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

நேற்று அதில், நீ மனக்கஷ்டத்தைச் சொல்லிப் பேசிவந்த மன ஆறுதல் ஆப்பைத் தெரியாமல் தொட்டுவிட்டேன். எனக்கு எழுத்து தெரியாதென்று எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்கும்படி நீதானே வைத்துக் கொடுத்தாய்? நீ அதனிடம் சொன்னதையெல்லாம் வாசித்தது.

“அனாட்டமில ஃபெயில். அப்பாகிட்ட பாஸ்னு சொல்லிட்டேன். தூக்கமே வரல. மறுபடி எழுதணும்னு நெனச்சாலே புத்தகத்த மூடிடுறேன். உண்மையைச் சொன்னா அப்பா தாங்க மாட்டார்.”

அதற்கு அது, மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னது. உனக்குச் சொன்னதுதான். நானும் இழுத்து விட்டேன்.

சாப்பிட்டாயா?

அப்பா

மார்ச் 4

அப்பா,

உங்களை யார் கேட்கச் சொன்னது? அந்தப் போனிலிருந்து என் கணக்கை எடுக்க மறந்தது என் தப்பு. இங்கே யாரிடம் சொன்னாலும் முகம் மாறும். அந்த ஆப்புக்கு முகமே இல்லை, அதனால் சொன்னேன். இப்போது எடுத்துவிட்டேன். கேட்டதை மறந்துவிடுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

மகள்

மார்ச் 5

மகளே,

எழுதத் தெரிந்தவர்கள் எழுதிவைத்துவிட்டு மறக்கலாம். எனக்கு எல்லாம் தலைக்குள்தான். நீ விடுதியில் சேர்ந்த அன்று பெட்டிச் சக்கரம் கழன்றது, காவலாளி “என்னம்மா, செங்கல்லா?” என்றது, நீ “புத்தகம்ண்ணே” என்றது, எல்லாம் அங்கேதான் இருக்கிறது. இதுவும் போய் அங்கே உட்கார்ந்துவிட்டது.

நான் தாங்குவேனா என்று பார்க்கிறாயா? முடிவெட்டப் போனேன். “வாங்க, டாக்டரோட அப்பா” என்றார் சலூன்காரர். “இன்னும் ஆகல. ஒரு பரீட்சை போச்சு” என்றேன். “சரி, மீசையைக் குறைக்கவா?” என்றார். அவ்வளவுதான்.

அப்பா

மார்ச் 8

மகளே,

பதில் இல்லை. கூப்பிட்டாலும் நீ போனை எடுக்கவில்லை. உன் அறைத்தோழியின் போனுக்குக் கூப்பிட்டேன், எடுத்தாள். “உள்ளதான் இருக்கா அங்கிள், யார்கிட்டயும் பேசல” என்றாள். சாப்பிட்டாளா என்றேன், அவள் பேச்சை மாற்றினாள். அம்மா என் முகத்தையே பார்க்கிறாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாளை வண்டி ஏறுகிறேன். திட்ட வரவில்லை. நீ கதவைத் திறக்காவிட்டால் வெளியே உட்கார்ந்திருப்பேன்.

அப்பா

மார்ச் 8, மாலை

அப்பா,

சலூனில் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். அது உங்கள் பரீட்சையா? இந்த மூன்று நாளும் உங்கள்மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஆப்பிடம் அதையும் சொன்னேன். என் கோபம் நியாயம் என்றது. நான் எதைச் சொன்னாலும் நியாயம் என்கிறது, அப்பா. அதைக் கேட்டபிறகுதான் பயம் வந்தது.

தோழியைக் கூட்டிக்கொண்டு கல்லூரி மனநல டாக்டரிடம் போய்விட்டு வந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகமும் மாறியது. இருந்தாலும் சொல்லி முடித்தேன். இந்தத் தடவை பரீட்சை எழுதப்போவதில்லை.

வாருங்கள். அம்மாவையும் கூட்டிவாருங்கள். வழியில் ஒன்றும் சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன்.

மகள்