சின்னம்மாவின் பங்கு

தஞ்சாவூர்
14-11-2024, வியாழன், காலை 6.10
அரை மாத்திரைகள்: 62

அன்புள்ள இர்பான் நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசினால் அம்மா காதில் விழும். அதனால் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன்.

நேற்று டாக்டர், அம்மாவின் ஸ்டென்ட் மறுபடி அடைக்க ஆரம்பித்திருக்கிறது என்றார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கேட்டார். "கம்பெனி இன்சூரன்ஸ் பணம் கொடுக்குது சார், போடாம என்ன?" என்று எரிந்து விழுந்தேன். இன்று காலை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஓர் ஊறுகாய் பாட்டில். உள்ளே அம்மாவின் மாத்திரைகள், பாக்குவெட்டியில் பாதியாக நறுக்கியவை. எண்ணிப் பார்த்தேன், 62.

ஷமீரா சின்னம்மாவுக்கும் இதே ஸ்டென்ட், இதே மாத்திரை. அவங்க காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரைக்கும்தான். வீட்டுக்கு வந்தபிறகு மருந்துக்கடைச் செலவு அவங்க தலையில். நம் அம்மா யாரிடமும் சொல்லாமல் தன் மாத்திரையில் பாதியைக் கொடுத்து வந்திருக்காங்க. கேட்டேன். "ஒரு வாய் கறி ஆக்குனாலும் அவளுக்கு அனுப்பிட்டுத்தானேடா திம்போம். இதை மட்டும் முழுசா முழுங்கவா?" என்றாங்க.

சின்னம்மா மவுத்தாகி, அடக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் ஏன் நறுக்குறீங்க என்று கத்தினேன். அம்மா கத்தவில்லை. "சாயங்காலம் கொல்லைக் கதவுகிட்ட வந்து நிக்கிறாடா. வெறுங்கையோட எப்படி அனுப்புறது?" என்றாங்க.

நான் எஞ்சினியர், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

பாதி மாத்திரை இரண்டு பேரையும் காப்பாற்றாது, நானா. அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் சின்னம்மாவைத் தானே கொன்றுவிட்டதாக நினைப்பாங்க.

இனி நான் செய்யப்போவது:

1. இன்று பத்து மணிக்கு அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய் நடந்ததைச் சொல்வேன்.
2. சின்னம்மாவின் வீட்டுக்காரர் மஜீது சாச்சாவின் சர்க்கரை மாத்திரையை என் சம்பளத்தில் வாங்குவேன். இல்லாவிட்டால் அம்மா அடுத்து அவருக்குப் பங்கு வைப்பாங்க.
3. இரண்டு வேளையும் அம்மா எதிரில் தண்ணீரோடு நிற்பேன்.
4. நாளை ஜும்ஆவுக்குப் பிறகு உங்களைக் கூப்பிட்டு போனை அம்மா காதில் வைப்பேன். நான் சொன்னால் சண்டை. நீங்க சொன்னால் கேட்பாங்க. "சின்னம்மா பசியாறிட்டாங்க, நீங்க முழுசா சாப்பிடுங்க" என்று சொல்லுங்க. அம்மா முழுங்கும்வரை போனை வைக்காதீங்க.

உங்கள் தம்பி,
சுஹைப்