மாலை போட்ட படம்

ஜெலுத்தோங், பினாங்கு
புதன்கிழமை

அன்பு மகள் தனுஜாவுக்கு உன் அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கிறேன். உன் அம்மாவுக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறை இல்லை. நீயும் சென்னையில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தொண்டை கட்டாமல் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். உயிரோடு என்று எழுதியதைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதே அம்மா. ஊரில் எல்லோரும் எழுதுகிற வரிதான், நான் எழுதினால் மட்டும் குத்திக்காட்டுவது போல ஆகிவிடுகிறது, அதற்கு நான் என்ன செய்வது. போனில் சொல்லலாம் என்று பார்த்தால் உன் போனைப் பார்த்துக்கொள்கிற அர்ச்சனா என்ற பெண்தான் எடுக்கிறாள். மேடம் ரெக்கார்டிங்ல இருக்காங்க, நீங்க யாரு பேசுறது என்று ரொம்ப மரியாதையாகக் கேட்கிறாள். யார் என்று சொல்ல முடியாமல் வைத்துவிடுகிறேன். மூன்று முறை அப்படி வைத்தாயிற்று. நம் பிளாட் காமினி கல்யாணப் புடவை எடுக்க அடுத்த வாரம் அங்கே வருகிறாள். வேறு யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன், தனு கையிலதான் கொடுப்பேன் அங்கிள் என்று சத்தியம் செய்திருக்கிறாள், அவளிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். லிஃப்ட் கெட்டுப்போய் மூன்று வாரம் ஆகிறது, உன் அம்மா மார்க்கெட்டுக்குப் போய்விட்டு ஏழு மாடி ஏற முடியாமல் நாலாவது மாடியில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறாள், நான் இறங்கிப் போய்த் தூக்கி வருகிறேன். மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றினேன். பாலத்தில் காலையில் எதிர்க்காற்று அதிகம், பிறையில் இருக்கிற தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் கண் எரிகிறது. மூன்றாவது மாடி பக்கிரிசாமி அண்ணன் கோப்பிக் கடையில் என்னைக் கண்டால், ஏய் எல்லாரும் தள்ளி உட்காருங்கலா, ஆவி அண்ணே தேத்தண்ணி குடிக்க வர்றாரு என்கிறார். கடையே சிரிக்கும், நானும் சிரிப்பேன். ஆனால் வெளியாள் யாராவது கேட்டால் அதே பக்கிரிசாமி அண்ணன்தான், அந்தப் பொண்ணோட அப்பா நல்ல மனுசன், பாவம் போய்ட்டாரு என்று சொல்கிறார். இந்த பிளாட்டில் இருநூறு குடும்பம், ஒருவர் வாய் திறக்கவில்லை. நம்ம பிள்ளை மேலே வரட்டும் என்று நினைக்கிறார்கள். இணையத்தில் யாரோ இரண்டு பேர் உண்மையை எழுதினார்களாம், அதையும் உங்கள் பாட்டுக் கம்பெனி வயிற்றெரிச்சல் என்று சொல்லி அமுக்கிவிட்டதாம்.

போன மாதம் ஆயுத பூஜை அன்று நடந்ததை உன் அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், நானே சொல்லிவிடுகிறேன். அந்த நாளைத்தான் உங்கள் கம்பெனி என் நினைவு நாள் ஆக்கிவிட்டதே. காலை ஷிப்ட் முடித்து வருகிறேன், பிளாட் கீழே உன் ரசிகர்கள் ஒரு நாற்பது ஐம்பது பேர். மேசை போட்டு என் படத்தைப் பெரிதாக வைத்து விளக்கேற்றி உன் பாட்டை ஓடவிட்டிருந்தார்கள். நல்லவேளை, உங்கள் கம்பெனி அரவிந்த் சொன்னபடி மீசையை எடுத்திருந்தேன், வாயில் மாஸ்க்கும் இருந்தது. நழுவிவிடலாம் என்று பார்த்தால் ஒரு பையன் ஓடி வந்து, அங்கிள் பிரசாதம் எடுத்துக்கங்க என்று கையில் திணித்தான். சர்க்கரைப் பொங்கல். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டேன். பசி, அதோடு முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள். மேலே வந்து உன் அம்மாவிடம் பொங்கல் நன்றாக இருந்தது என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் யார் என்று யோசித்துப் பார்த்தால் யார் மேலும் பழி போட முடியவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அதே ஆயுத பூஜை. மோட்டார் சைக்கிளுக்குச் சந்தனம் வைத்து, என் டூல்பாக்ஸுக்குப் பொட்டு வைத்து, உன் அம்மா வாங்கி வந்த மல்லிகைச் சரத்தை வண்டிக்குப் போட்டது போக ஒரு முழம் மிஞ்சியது. வாடிவிடக் கூடாது என்று அதை ஹாலில் இருந்த ஆணியில் மாட்டினாள். அந்த ஆணியில் தொங்கியது தொழிற்சாலையில் இருபது வருஷ சர்வீசுக்குக் கொடுத்த என் படம். நீ அதன் கீழே உட்கார்ந்து பாடி, போனில் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டாய். கண்ணாடி போட்ட படம், அதில் மாலை, பக்கத்தில் விளக்கு, கீழே ஒரு பெண் அப்பாவைப் பற்றிப் பாடுகிறாள். பார்க்கிற தமிழன் வேறு என்னதான் நினைப்பான்? மறுநாள் மூன்று லட்சம் பேர் பார்த்து அழுதிருந்தார்கள். நாம் மூன்று பேரும் இந்த ஹாலில் உட்கார்ந்து அந்தக் கமெண்டுகளைப் படித்துப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தோம். முதலில் சிரித்தவன் நான்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சென்னையில் முதல் பேட்டியில் கேள்வி கேட்ட பெண் அப்பா பற்றிக் கேட்டபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய். அப்போதும் நான் கோபப்படவில்லை. நம் பிள்ளைக்குப் புத்தி இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

பிறகு அரவிந்த் வந்தான். ஜார்ஜ் டவுன் ஹோட்டல் லாபியில் உட்கார வைத்து, அங்கிள், நல்லா பாடுற பொண்ணுங்க எங்க ஊர்ல தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க, பாட்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சிடும், கதைதான் நிக்கும், உங்க பொண்ணுகிட்ட கதை இருக்கு என்றான். அவன் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் தொழிற்சாலை லைனில் ஒரே சார்ஜர்தான் ஓடுகிறது, கடைசியில் மூன்று விதமான பெட்டியில் மூன்று பெயரில் போகிறது. ஒன்றை வாங்குகிறவன் இன்னொன்றைத் தொடக்கூட மாட்டான். உள்ளே இருக்கிற சாமானைச் செய்கிறவர்கள் எங்களைப் போல நூறு பேர், பெட்டியை யோசிக்கிறவன்தான் பெரிய ஆள். இருபத்தாறு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். அதனால்தானோ என்னவோ அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். உன் ஒப்பந்தம் நாற்பத்திரண்டு பக்கம், ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டதும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான், சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இந்த மாதம்தான் அதை ஒரு வக்கீல் ஆபீசில் வேலை செய்கிற இத்ரீஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தப் பையன் இரண்டு நாள் வைத்திருந்து படித்துவிட்டு, அண்ணே, உங்க மகளைப் பத்தி இருக்கிற பக்கத்துல அப்பா காலமானார்னு போட்டிருக்கு, அதுக்குக் கீழ சாட்சின்னு உங்க சைன் இருக்குலா என்றான். அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குடும்பத்தில் யாராவது உன் கதைக்கு மாறாக வெளியே நடந்துகொண்டால் ஒப்பந்தம் முறிந்துவிடும், முறிந்தால் ஐந்து வருஷத்துக்கு நீ உன் பெயரிலும் பாட முடியாது, வேறு பெயரிலும் பாட முடியாது என்றும் அதில் இருக்கிறதாம். கோர்ட்டுக்குப் போகலாம் அண்ணே, ஆனா கேஸ் முடியறதுக்குள்ள அந்த அஞ்சு வருஷமே ஓடிடும் என்றான். ஐந்து வருஷம் பாடாமல் நீ என்ன ஆவாய் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் அம்மை போட்டபோது பத்து நாள் பாடக் கூடாது என்று சொன்னதற்கே போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு முணுமுணுத்தவள் நீ. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் இருக்கிறது அம்மா, அதில் பாதியை என் கையால் நானே கட்டியிருக்கிறேன். தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற ஹாஃபிஸ் உன் பாட்டைப் போனில் காட்டி, உன்னைப் போலவே மூக்கு, உன் மகளா என்று மலாயில் கேட்டான். அண்ணன் மகள் என்றேன். எனக்கு அண்ணனே கிடையாது.

இதுவரை நடந்ததையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், இனியும் பொறுத்துக்கொள்வேன். என்னைச் சாகடித்தது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. அடுத்த மாதம் சனிக்கிழமை இங்கே உன் கச்சேரி வருகிறதே, அதற்காகத்தான் எழுதுகிறேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை கச்சேரி நடத்துகிறவர்களிடமிருந்து ஷர்மினி என்ற பெண் வந்தாள். நல்ல பெண், படியேறி வந்த மூச்சு அடங்கவே அரைமணி ஆயிற்று. நீ அந்த அப்பா பாட்டைப் பாடும்போது உன் அம்மாவை மேடைக்கு அழைப்பார்களாம், நீ கட்டிப்பிடித்து அழ வேண்டுமாம். பையிலிருந்து ஒரு சாம்பல் நிறச் சேலையை எடுத்து வைத்தாள். அப்புறம் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே, ஆண்ட்டி, பொட்டு வேணாம்லா, லைட்ல ரொம்பத் தெரியும், தாலிய மட்டும் ஒரு மணி நேரம் கழட்டி வச்சிட்டீங்கன்னா போதும், மேல சொல்லி அனுப்பினாங்க, நான் சொல்லல ஆண்ட்டி என்றாள். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். உன் அம்மா அந்தப் பெண்ணுக்கு மைலோ கலக்கிக் கொடுத்து அனுப்பினாள்.

உன் அம்மா என்ன சொன்னாள் என்று நினைக்கிறாய்? என்னிடம் சண்டைக்கு வருவாள், கம்பெனியைத் திட்டித் தீர்ப்பாள் என்று நினைத்தேன். அவள், ஒரு மணி நேரம்தானேங்க, பிள்ளைக்காகத்தானே என்றாள். வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், அலமாரிக் கண்ணாடி முன்னால் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நெற்றி வெறுமையாக இருந்தது. முப்பது வருஷமாகப் பொட்டு இருந்த இடம் மட்டும் வெள்ளிக் காசு அளவுக்கு வெளுத்துப்போய் இருந்தது. அவள் அழவில்லை. மேடையில் எப்படி நிற்பது என்று பழகிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் சட்டென்று கையால் நெற்றியை மூடிக்கொண்டாள், எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவளைப் போல. நான் குளிக்கப் போய்விட்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். உன் கல்யாணத்தில்கூட அழக் கூடாது என்று நினைத்திருந்தவன் நான்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது. ஆனால் உனக்கு இது தெரியுமா தெரியாதா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை, அந்தப் பயம்தான் கோபத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. தெரியாது என்றால் இப்போது தெரிந்துகொள். தெரிந்துதான் நடக்கிறது என்றால் ஒன்றே ஒன்று மட்டும் செய். உன்னை விமான நிலையத்திலிருந்து நேரே கடற்கரை ஹோட்டலுக்குக் கொண்டுபோவார்கள், அம்மாவை வேனில் அழைத்துப் போவார்கள் என்று ஷர்மினி சொன்னாள். நீ அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஒரு அரை மணி நேரம் வீட்டுக்கு வா. செத்துப்போன அப்பா வெளியே வரக் கூடாது என்றுதான் அந்தக் காகிதத்தில் இருக்கிறது, மகள் வீட்டுக்குப் போகக் கூடாது என்று எங்கேயும் இல்லை, இத்ரீஸிடம் கேட்டுவிட்டேன். உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், பொட்டை உன் கையால் நீ அழிக்காதே, நம் பிள்ளை வந்து அழிக்கட்டும் என்று. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன், தடுக்க மாட்டேன். நீ அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு அழைத்துக்கொண்டு போகலாம். உன்னால் முடியவில்லை என்றால் குங்குமம் அலமாரியில் பழைய இடத்திலேயே இருக்கிறது, எடுத்து இன்னும் கொஞ்சம் வைத்துவிடு. அதனால் ஒப்பந்தம் முறிந்து வருகிற ஐந்து வருஷத்தை மூன்று பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

வெயிலில் அலையாதே, ஐஸ் போட்டு எதையும் குடிக்காதே. படியில் மெதுவாக ஏறு, அன்று மாலை பாட வேண்டியவள். பூ எதுவும் வாங்கி வராதே. காமினியிடம் பதில் கொடுத்துவிட முடிந்தால் கொடு, இல்லாவிட்டால் வருகிறேன் என்று வாயால் சொல்லி அனுப்பு, அது போதும். நீ எங்கே இருந்தாலும் உன் குரலுக்கு ஒரு குறையும் வராமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவும் நானும் ஆசீர்வாதம் செய்கிறோம். கீழே இருப்பது அந்தக் காகிதத்தில் போட்ட அதே கையெழுத்துதான். இந்த முறை மேலே இருப்பதை முழுக்கப் படித்துவிட்டுப் போடுகிறேன்.

உன் அப்பா,
மா. திருநாவுக்கரசு