இரண்டில் ஒன்று சொல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஃபோனை நீ எடுப்பதில்லை, சொந்த முகவரிக்கு அனுப்பும் மடலையும் திறப்பதில்லை. அதனால்தான் இதை ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். அங்கே வருவதை விழுந்தடித்துக்கொண்டு படிப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் மனைவிக்கும் காட்டு, அவளும் படிக்கட்டும் என்று எல்லாவற்றையும் விளக்கமாகவே எழுதுகிறேன்.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்த நாளிலிருந்து கண் திறக்கவில்லை. மூச்சை மெஷின்தான் விடுகிறது. இனி எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். மெஷினை எடுத்துவிடலாமா, இருக்கட்டுமா என்று கேட்கிறார். "ரெண்டு பிள்ளைங்களும் சேர்ந்து ஒரே வார்த்தையா சொல்லுங்கம்மா" என்றார். நான் கேட்டதற்கு நீ ஃபோனில் அனுப்பியிருந்த பதிலைக் காட்டினேன். 'அக்கா, நீயே பாத்து எது சரியோ அதப் பண்ணு.' அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, "இது பதில் இல்லையேம்மா" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆள் கூப்பிட நேரமில்லை. எதிர்வீட்டு டீச்சர் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அப்பாவுக்கு நகம் வளர்ந்துவிட்டது. நேற்று வெட்டிவிட்டேன். சுண்டுவிரலில் லேசாகப் பட்டு ரத்தம் வந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வேலையையும் விடவில்லை. கட்டில் ஓரத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பார்க்கிறேன். உன் மனைவிக்குப் புரியும்படி சொல்கிறேன். செத்துப்போன பழைய கணினிகளைப் போல நடிக்கும் மென்பொருள் நம்முடையது. வெளியிலிருந்து யார் அதோடு பேசினாலும் எந்தச் சொல்லைச் சொல்லலாம், அதற்கு என்ன பொருள் என்று வரையறுத்து வைப்பது என் வேலை. டிஸ்க் எனும் வட்டுக்கு எழுதுபவர்கள், திரைக்கு எழுதுபவர்கள், நெட்வொர்க்குக்கு எழுதுபவர்கள் எல்லாரும் எடுத்துக்கொள்ளும் சொற்களை ஒரே பொதுக் கோப்பில் வைத்திருக்கிறோம். அதில் ஏறிய சொல்லை வெளியிட்டுவிட்டால் பிறகு லேசில் இறக்க முடியாது. "இல்லாத மெஷினுக்காக ரெண்டு பேரும் எதுக்கு இப்படி அடிச்சுக்கறீங்க?" என்று அப்பா கேட்பாரே, அந்தச் சண்டை முழுக்க இந்தக் கோப்பைப் பற்றித்தான்.

ஆன், ஆஃப் என்று இரண்டே சொல் இருந்த வகையில் மூன்றாவதாக ஆட்டோ என்று சேர்த்தது நீ. சொல்பவர் முடிவெடுக்க வேண்டாம், கேட்பவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று அதற்குப் பொருள். திரைக்கும் நெட்வொர்க்குக்கும் அது சரிதான். நான் அப்போதே ஒத்துக்கொண்டேன். ஆனால் எழுதியதை உடனே வட்டில் பதிக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் அதே வகையை எடுத்துப் போட்டுவிட்டார்கள். போன வாரம் நம் மென்பொருளில் வேலை செய்யும் ஓர் அச்சகத்தில் கரண்ட் போய்வந்ததும் பார்த்தால், ஒரு புத்தகம் முழுக்க அச்சுக்காகக் கோத்த பக்கங்கள் காணவில்லை. மேலே இருக்கும் நிரல் ஆட்டோ என்று கணினியின் போர்டாக நடிக்கும் பகுதியிடம் சொல்லியிருக்கிறது. போர்டு அதை அப்படியே வட்டிடம் தள்ளியிருக்கிறது. வட்டு கோப்புப் பகுதியிடம் தள்ளியிருக்கிறது. கடைசியில் இருந்த அதுவும், மேலே இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள் என்று சும்மா இருந்துவிட்டது. யாரும் பதிக்கவில்லை.

நம் நிரலைச் சரிபார்ப்பவர், நாம் 'கறார்' என்று கூப்பிடுவோமே, அவர் சிரித்துக்கொண்டே, "மூணாவதா ஒண்ணக் குடுத்தா எவன் மொத ரெண்ட எடுப்பான்?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரிக் கழிவறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வட்டுக்கு இரண்டே பதில் உள்ள தனி வகை வேண்டும் என்று ஒரு திருத்தம் அனுப்பினேன். சூடு ஆறுவதற்குள் உன் பதில் வந்தது. பழைய பயனர்களின் நிரல்கள் உடையும், ஆட்டோ இருக்கட்டும் என்று பத்தி பத்தியாக, மேற்கோளும் உதாரணமுமாக எழுதியிருந்தாய். அதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு சொல்லை எடுக்கலாமா என்பதற்கு அத்தனை பத்தி எழுதத் தெரிந்தவனுக்கு, அப்பாவுக்கு ஒரு வரிக்கு மேல் வரவில்லையா?

உன்னால் வர முடியாது என்று தெரியும். நடு வருஷத்தில் குழந்தையின் பள்ளிக்கூடம், இங்கே வந்தால் அந்த நாட்டுக்குள் திரும்ப விடுவார்களோ என்ற பயம், எல்லாம் எனக்குப் புரிகிறது. வா என்று நான் கேட்கவே இல்லை. அப்பாவை அந்த நிலையில் பார்க்கப் பயப்படுகிறாய். எனக்கும் பயம்தான். நான் தினமும் பார்க்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மனதில் இருப்பதை எழுதிவிட வேண்டும் என்று தொடங்கினேன். எழுத முடியவில்லை. எழுதினால் நீ 'சரி அக்கா' என்று சொல்லிவிடுவாய். அந்தச் 'சரி' எனக்கு வேண்டாம். நான் தனியாக ஒன்றைச் சொல்லி அது நடந்துவிட்டால், நாளைக்கு உனக்கு அப்பா நினைப்பு வரும்போதெல்லாம் அதைச் செய்தவளாக நான்தான் வந்து நிற்பேன். நீ வாய்விட்டுக் கேட்க மாட்டாய். மெல்ல மெல்லப் பேச்சு குறையும். இப்போதே குறைந்துவிட்டது.

டாக்டரம்மாவின் எண்ணை இதோடு தனியாக அனுப்பியிருக்கிறேன். என்னிடம் பேச வேண்டாம், அவரிடம் பேசு. எடுத்துவிடலாம் என்றால் எடுத்துவிடலாம் என்று சொல். இருக்கட்டும் என்றால் இருக்கட்டும் என்று சொல். எதுவானாலும் உன் வாயால் சொல். நானும் அதையே சொல்கிறேன். யார் முதலில் சொன்னது என்று யாருக்கும், உன் மனைவிக்குக்கூட, தெரிய வேண்டியதில்லை.

குழந்தையைக் குளிரில் அலையவிடாதே. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு. நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். அப்பா போய்விடுவார் என்று எனக்குத் தெரியும்டா. அதற்குப் பிறகும் எனக்கு ஒரு தம்பி வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா